பனியைப் படிக்கத் தெரிந்தவர்கள்

(புவியியல் ஆசிரியர்கள் கூடிய ஓர் அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1977இல் எழுந்த ஒரு தகராறிலிருந்து தொடங்குகிறேன். அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் பெருங்கடலின் கரையில், உத்கியாக்விக் என்றோர் ஊர் இருக்கிறது. 2016 வரை அரசு ஆவணங்களில் அதற்குப் பாரோ என்று பெயர். ஊரார் வாக்களித்துத் தங்கள் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள். அங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் இனுப்பியாட் மக்கள். ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் வில்தலைத் திமிங்கிலங்கள் பெரிங் கடலிலிருந்து வடக்கே வந்து, இவர்கள் கரையை ஒட்டிக் கிழக்கே போகும். கரையோடு ஒட்டி உறைந்து கிடக்கும் கடலின் விளிம்பில் முகாம் போட்டு, சீல் தோல் போர்த்திய படகுகளோடு வேட்டைக் குழுக்கள் காத்திருக்கும். ஒரு திமிங்கிலம் கிடைத்தால் அது ஊருக்கே உணவு. யாருக்கு எந்தப் பங்கு என்பதற்கு முறை உண்டு. விற்பது கிடையாது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்த வேட்டைக்குத் தடை விதித்தது. அறிவியலாளர்கள் போட்ட கணக்கில், மிஞ்சியிருந்த வில்தலைத் திமிங்கிலங்கள் அதிகம் போனால் இரண்டாயிரம். 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக வந்த வணிகக் கப்பல்கள் அந்த இனத்தை ஏறக்குறைய வழித்தெடுத்துவிட்டிருந்தன. ஆகவே அந்தக் கணக்கை நம்புவதற்குக் காரணம் இருந்தது. இனுப்பியாட் வேட்டைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. பனிக்கு நடுவே திறக்கும் நீர்ப்பிளவில் கண்ணுக்குத் தெரிகிற திமிங்கிலங்களை மட்டும் எண்ணுகிறீர்கள், பனிக்கு அடியிலும் கரையிலிருந்து வெகுதூரத்திலும் போகிறவற்றை யார் எண்ணுவது என்று கேட்டார்கள். பனி மூடிய கடலைக் கண்டால் இந்தத் திமிங்கிலம் திரும்பிப் போய்விடும் என்பது அன்றைய அறிவியலாளர்கள் பலரின் எண்ணம். அது தலையால் பனியை முட்டி உடைத்து, அந்த விரிசலில் மூச்சு வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும் என்பது வேட்டைக்காரர்கள் கண்ணால் கண்டது.

ஹாரி பிரௌவர் என்ற முதிய வேட்டைத் தலைவர் இதை டாம் ஆல்பர்ட் என்ற கால்நடை மருத்துவ அறிவியலாளருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆல்பர்ட் காது கொடுத்துக் கேட்டார். 1980களில் பனி விளிம்பிலிருந்து நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத திமிங்கிலங்களின் குரல்கள் வரிசையாகப் பதிவாயின. அதற்குப் பிறகு கணக்கெடுக்கும் முறையே மாறியது. 2001இல் மதிப்பீடு பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011இல் ஏறக்குறைய 17,000. அந்த இடைவெளியில் திமிங்கிலங்கள் பெருகவும் செய்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்கக் கணக்கு தவறு என்பதும், தவறு எங்கே என்று சுட்டியவர்கள் யார் என்பதும் இன்று ஐயமில்லாத செய்திகள்.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாகப் பழங்குடி அறிவு வென்றது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த முதியவருக்கு அது எப்படித் தெரிந்தது? வசந்தம் தவறாமல் பனியின் விளிம்பில் நின்றதால் தெரிந்தது. அப்படி நிற்பதற்கு அவரைச் சிறுவயதிலேயே அழைத்துப்போக ஆட்கள் இருந்தார்கள், அதற்கான நேரமும் இருந்தது. அந்த நேரத்தை ஒரு சமூகத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டால் அறிவும் போய்விடும். ஆர்க்டிக்கில் அதைப் பிடுங்கியது பெரும்பாலும் பள்ளிக்கூடம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் பள்ளிக்கூடம்தான் என்பது இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த கருத்து. ஆசிரியர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

முதலில் கடல் எப்படி உறைகிறது என்று பார்த்துவிடலாம். நல்ல தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்புநீர் உறைவதற்குக் கிட்டத்தட்ட மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் வேண்டும். உறையும்போது உப்பைப் பனி வெளியே தள்ளப் பார்க்கும். முழுவதும் தள்ள முடியாமல் சிறுசிறு அறைகளில் உப்புக் கரைசலை வைத்துக்கொள்ளும். அதனால் புதுக் கடல்பனி கண்ணாடி போலப் படீரென்று உடையாது. காலடியில் வளையும், ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். ஏரிப்பனியில் நடந்து பழகியவர் கடல்பனியில் ஏமாந்துபோவது இதனால்தான். கோடையிலும் உருகாமல் ஓராண்டு, ஈராண்டு தாக்குப்பிடித்த பழைய பனியில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். அதை உருக்கினால் குடிக்கலாம்.

இப்போது ஒரு வேட்டை முகாமுக்குள் போவோம். அங்கே சுடுகலன் ஏந்துபவர், துடுப்புப் போடுபவர், படகுத் தலைவர் எல்லோரும் இருப்பார்கள். இவர்களோடு பதின்வயதுப் பிள்ளை ஒன்று எடுபிடியாக இருக்கும். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது, காபி போடுவது, பெரியவர்கள் தூங்கும்போது விழித்திருப்பது எல்லாம் அதன் வேலை. குடிநீருக்குப் பனி வெட்டிக்கொண்டு வருவதும் அதன் தலையில்தான் விழும். எந்தப் பனியை வெட்டுவது? சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பனிதான். புதுப்பனியை வெட்டி வந்தால் காபி உப்புக் கரிக்கும், முகாமே சிரிக்கும். பழைய பனியின் மேடுகள் வெயில் பட்டு வழவழவென்று உருண்டிருக்கும், நீலம் கலந்திருக்கும். அந்தப் பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தேடிப் பழகிய கண், பின்னாளில் எந்தத் தட்டு கனமானது, எது மோதினால் தாங்கும், எதன்மேல் ஓடித் தப்பிக்கலாம் என்றும் பார்க்கும். வேதியியல், இயற்பியல், தற்காப்பு மூன்றும் ஒரு வாளித் தண்ணீரில் இருக்கின்றன. யாரும் விளக்கம் சொல்லித் தருவதில்லை. வேலையைக் கொடுப்பார்கள், பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உத்கியாக்விக் கரையருகே அந்தப் பழைய பனி இப்போது அரிதாகிவிட்டது. ஆர்க்டிக் முழுவதிலும் பல்லாண்டுப் பனி சுருங்கிக்கொண்டிருக்கிறது. பாடப்பொருளே கரைந்துபோனால் பாடத்தை எதில் நடத்துவது என்ற கேள்வி அங்கே நிஜமானது.

முகாமில் பெரியவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். அந்தக் கரையில் கிழக்குக் காற்று அடித்தால் மிதக்கும் பனி கரையை விட்டு விலகி நீர்ப்பிளவு திறக்கும். மேற்குக் காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து மோதும். மோதிய இடங்களில் பனி நொறுங்கிக் குவிந்து மேடாகும். மேட்டின் அடிப்பாகம் கடலடித் தரையைத் தொட்டுவிட்டால் அது நங்கூரம். கரைப்பனி முழுவதையும் பிடித்து நிறுத்துவது ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் தரை தட்டி நிற்கும் இந்த மேடுகள்தாம். ஆகவே முகாம் போடுகிறவர் காற்றை மட்டும் பார்ப்பதில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் எந்த மேடு எங்கே தரை தட்டியது, அதன்பின் கடல்மட்டம் ஏறி அதைத் தூக்கிவிட்டதா, அடியில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பல மாத வரலாற்றை மனதில் வைத்திருப்பார். நீரோட்டத்தை அறிய நூலில் கனம் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். தொலைவில் மேகத்தின் அடிவயிறு கருத்திருந்தால் அங்கே திறந்த நீர் இருக்கிறது என்று அறிவார்கள். விரிசல் ஒன்று இருந்தால் அதன் அருகே காவலுக்கு ஆள் இருக்கும்.

இத்தனையும் தெரிந்தவர்களுக்கும் ஆபத்து வரும். 1997 மே மாதம் உத்கியாக்விக்கின் முன்னால் கரைப்பனி பிய்த்துக்கொண்டு நகர்ந்தது. அதன்மேல் இருந்த 140க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. உயிர்ச்சேதம் இல்லை. முதிய வேட்டைக்காரர்கள் அந்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் அலசினார்கள். எந்த அடையாளத்தைத் தவறவிட்டோம் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். ஊர் அறிவியலாளர்களோடு சேர்ந்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையாகவும் அந்த அலசல் வெளிவந்தது. தன் பிழையைத் தானே ஆராயும் அறிவை மரபு என்ற ஒரே பெயரில் அடக்கிவிட முடியாது. அது வளர்ந்துகொண்டிருக்கும் துறை.

இப்போது பதிவேடுகளுக்கு வருகிறேன். 2006ஐ ஒட்டி, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாயோ ஐக்கன் என்ற பனி இயற்பியலாளர் பருவகாலப் பனி மண்டலத்தைக் கண்காணிக்கும் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அதில் ரேடார், செயற்கைக்கோள், துளையிட்டு அளப்பது எல்லாம் இருந்தன. அவற்றோடு கரையூர்களில் சிலரை நாள்தோறும் பார்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள். உத்கியாக்விக்கில் வேட்டைத் தலைவர் ஜோ லெவிட், பெரிங் நீரிணையின் ஓரத்தில் வேல்ஸ் என்ற ஊரில் வின்டன் வேயாபுக், இன்னும் சில ஊர்களில் சிலர். 2007-08 சர்வதேசத் துருவ ஆண்டின்போது இது வலுப்பெற்றது. இன்று அந்தப் பணி அலாஸ்கா ஆர்க்டிக் அவதான, அறிவு மையம் என்ற அமைப்பின் வழியாகத் தொடர்கிறது.

அந்தப் பதிவுகளில் என்ன இருக்கும்? காற்றின் திசை, வெப்பநிலை, பனி கரைக்கு வந்ததா போனதா, நீர்ப்பிளவு எவ்வளவு தூரத்தில் திறந்தது, பனிமேல் வண்டி போகுமா, பனிமேல் மழை பெய்ததா, எந்தப் பறவை முதலில் வந்தது, யார் சீலுக்குப் போனார்கள், போகாமல் திரும்பியவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பவை. சில வரிகள்தாம். அந்த வரிகளில் இருப்பதைச் செயற்கைக்கோளால் தர முடியாது. காரணம் இது. 1978 இறுதியிலிருந்து ஆர்க்டிக் பனியின் பரப்பை நுண்ணலைக் கருவிகள் விண்ணிலிருந்து அளக்கின்றன. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது என்று நமக்குத் தெரிவது அதனால்தான். அந்தத் தொடர்பதிவின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரைபடத்தின் ஒரு கட்டம் பக்கத்துக்கு 25 கிலோமீட்டர். கட்டத்துக்குள் 15 விழுக்காடு பனி இருந்தாலே பனிப்பரப்பின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மீதி 85 விழுக்காடு நீர். அதன்மேல் எந்தத் தாயும் தன் பிள்ளையை அனுப்ப மாட்டாள். உலகத்தின் பனி எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு விடை, நாளைக் காலை போகலாமா என்ற கேள்விக்கு வேறு விடை. இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள்தாம் அந்தப் பதிவேட்டை எழுத முடியும்.

கருவியே கூடாது என்று ஊரார் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கனடாவின் கிளைட் ரிவர், கிரீன்லாந்தின் கானாக், அலாஸ்காவின் உத்கியாக்விக் ஆகிய மூன்று ஊர்களின் வேட்டைக்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தினார்கள். ஊர்விட்டு ஊர் போய் ஒருவர் பனியில் மற்றவர் பயணம் செய்தார்கள். அதோடு வாரந்தோறும் பனியின் தடிமனை அளந்தார்கள். அளக்கும் கருவி மிக எளிது. பனியில் துளையிட்டு ஓர் எஃகுக் கம்பியை இறக்குவார்கள். கீழ்முனையில் குறுக்குத் தண்டு, மேல்முனையில் கைப்பிடி. கம்பி பனியோடு உறைந்துவிடும். அளக்கும் நாளில் மின்சாரம் பாய்ச்சினால் கம்பி சூடாகி, தன்னைச் சுற்றியிருக்கும் பனியை உருக்கி விடுபடும். கைப்பிடியைப் பிடித்து மேலே இழுப்பார்கள். கீழேயிருக்கும் தண்டு பனியின் அடிப்பாகத்தில் போய் இடித்து நிற்கும். கைப்பிடி எவ்வளவு உயர்ந்தது என்று பக்கத்தில் நட்ட அளவுகோலில் பார்த்தால் தடிமன் தெரியும். மறுவாரமும் அதே இடத்தில் அளக்கலாம். புதிதாகத் துளையிட்டு இயற்கையாக வளரும் பனியைக் கலைக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்துவிடுவார்கள். வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, மேலே விழுந்த வெண்பனி போர்வையாகிக் கீழே பனி வளர்வதை எப்படித் தாமதப்படுத்துகிறது என்று அந்த அளவுகளை வரைபடத்தாளில் போட்டாலே விளங்கும். அந்த மூன்று ஊர்ப் பணியிலிருந்து 2013இல் பனியின் பொருள் குறித்து ஒரு பெரிய நூல் வந்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் வேட்டைக்காரர்களின் பெயரும் ஆய்வாளர்களின் பெயரும் சமமாக இருக்கின்றன.

கனடாவின் லாப்ரடோர் கரையில் நெயின் என்ற இனுயிட் ஊர் இருக்கிறது. 2009-10 குளிர்காலம் அங்கே வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது. பனி தாமதமாக வந்தது, மெலிந்து கிடந்தது. பின்னர் எடுத்த கணக்கெடுப்பில் பன்னிரண்டு பேரில் ஒருவர் அந்தப் பருவத்தில் பனி உடைந்து நீரில் விழுந்ததாகச் சொன்னார். முன்னோர் சொன்ன அடையாளங்கள் மட்டும் இனிப் போதாது என்று ஊரார் தாங்களே உணர்ந்தார்கள். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டிரெவர் பெல் என்ற புவியியலாளரோடு சேர்ந்து ஸ்மார்ட்ஐஸ் என்ற அமைப்பு உருவானது. பனிக்குள் உறையவைத்த வெப்பமானிச் சரம் ஒருபுறம். ஸ்னோமொபைலுக்குப் பின்னால் மரச்சறுக்கு வண்டியில் இழுத்துக்கொண்டே தடிமனைக் காட்டும் மின்காந்தக் கருவி மறுபுறம். எந்தப் பாதையில் இழுப்பது, எந்த இடத்தை ஆபத்து என்று குறிப்பது என்பதை முடிவுசெய்வது ஊர்க்குழு. கனடாவின் வடக்கே நுனாவுட் ஆட்சிப்பகுதியின் பாண்ட் இன்லெட் ஊரில் வேட்டைக்காரர்களின் குழுதான் அந்தப் பணியை மேற்பார்வை செய்கிறது. நெயினில் அந்தக் கருவிகளைப் பூட்டிச் சேர்க்கும் பட்டறையில் உள்ளூர் இளைஞர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். சூடுபிடித்த பற்றவைப்புக் கோலைக் கையாளக் கற்றுக்கொண்ட அதே பையன் மறுநாள் பெரியவரோடு பனிமேல் போகிறான். இதைவிட நல்ல தொழிற்கல்வி எனக்குத் தெரியாது.

இனிப் பள்ளிக்கூடம்.

1890இல் வேல்ஸ், பாயின்ட் ஹோப், பாரோ ஆகிய மூன்று ஊர்களிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஷெல்டன் ஜாக்ஸன் என்ற பாதிரியார் அன்று அலாஸ்காவின் கல்விப் பொறுப்பில் இருந்தார். ஆங்கிலம் மட்டும்தான் என்பது அவர் கொள்கை. தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டிப்பது பல பள்ளிகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதைவிட ஆழமான காயம் வேறொரு வழியில் வந்தது. ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். சிலர் ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் தென்கிழக்கு அலாஸ்காவில் சிட்காவில் 1947இல் தொடங்கிய விடுதிப் பள்ளிக்குப் போனார்கள். பாரோவிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். மழைக்காடு சூழ்ந்த ஊர். அங்கே கடல் உறைவதில்லை.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரை, முகாமில் எடுபிடியாக நின்று பனியைக் கற்க வேண்டிய வயதில், அந்தப் பிள்ளைகள் பனியே இல்லாத கடற்கரையில் அல்ஜீப்ரா படித்தார்கள். திரும்பி வந்தபோது சான்றிதழ் இருந்தது. தம்பி தங்கைகளைப் பனிமேல் அழைத்துப்போகும் துணிவு பலருக்கு இல்லை. யாரும் திட்டமிட்டுப் பனி அறிவை ஒழிக்கவில்லை. பாட அட்டவணை அந்த வேலையைச் செய்துவிட்டது.

இந்த நிலைக்கு எதிராக, அலாஸ்காவின் மற்றொரு பழங்குடியான யூப்பிக் மக்களின் எம்மோனாக் என்ற ஊரைச் சேர்ந்த மோலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரால் 1972இல் வழக்குத் தொடரப்பட்டது. எங்கள் ஊரிலேயே உயர்நிலைப்பள்ளி வேண்டும் என்பதே கோரிக்கை. 1976இல் மாநில அரசு இணங்கியது. 126 ஊர்களுக்குப் பள்ளி கிடைக்க வழி பிறந்தது. வட அலாஸ்காவிலோ 1972இல் உருவான நார்த் ஸ்லோப் நிர்வாகம் எண்ணெய் நிறுவனங்களிடம் வரி வாங்கி ஊருக்கு ஊர் பள்ளி கட்டியது. அதன் முதல் மேயர் எபன் ஹாப்சன் பள்ளிகள் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். கட்டடம் வந்தது. பாடம் எப்போது வந்தது என்று கேட்டால், அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அதற்கு வழி காட்டியவர்களில் அங்காயுகாக் ஆஸ்கர் கவாக்லியை நான் முதலில் சொல்வேன். பாட்டி வளர்த்த யூப்பிக் பிள்ளை. பின்னாளில் பேராசிரியர். யூப்பிக் மக்களின் உலகப் பார்வை பற்றி அவர் எழுதிய நூல் 1995இல் வந்தது. மீன்பிடி முகாமில் நடப்பது அறிவியல்தான், ஆகவே அறிவியல் வகுப்பு முகாமுக்குப் போக வேண்டும் என்பது அவர் வாதம். அவரும் ரே பார்ன்ஹார்ட்டும் பத்தாண்டுகள் அலாஸ்கா முழுவதும் ஆசிரியர்களோடும் முதியவர்களோடும் வேலை செய்தார்கள். 1998இல் அலாஸ்காப் பழங்குடிக் கல்வியாளர்கள், பண்பாட்டுக்கு இசைந்த பள்ளிக்கான நியமங்களை வெளியிட்டார்கள். மாணவருக்கு மட்டுமன்றி, ஆசிரியருக்கும் பள்ளிக்கும் பாடத்திட்டத்துக்கும் ஊருக்கும் நியமம் வகுத்த ஆவணம் அது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் ஊரிடமிருந்து கற்க வேண்டியவர் என்று அது நேராகச் சொல்கிறது. நார்த் ஸ்லோப் பள்ளி நிர்வாகம் பிற்பாடு ஊர் ஊராக முதியவர்களைக் கேட்டு, ஒரு பிள்ளை வளரும்போது எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்று இனுப்பியாக் கற்றல் சட்டகம் ஒன்றை வகுத்தது.

வேல்ஸில் பதிவேடு எழுதிய வின்டன் வேயாபுக்கைப் பற்றி முன்பே சொன்னேன். அவர் தம் ஊர்ப் பனியின் வகைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஊரின் முதியவர்களோடு சேர்ந்து விளக்கம் எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வாளர் இகோர் க்ருப்னிக் துணைநின்றார். 2012இல் அது நூலானது. ஊர்ப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த வேலை. அருமையான நூல்தான். ஆனாலும் ஒரு நூல் என்ன செய்யும், என்ன செய்யாது என்று அதை எழுதியவருக்கே நன்றாகத் தெரியும். படத்தில் இருக்கும் பனி அசையாது.

சட்டம் போட்டால் போதுமா என்று கேட்பவர்களுக்கு நுனாவுட்டைக் காட்டுவேன். 1999இல் பிறந்த அந்த ஆட்சிப்பகுதி 2008இல் கல்விச் சட்டம் இயற்றியது. கல்வி இனுயிட் அறிவின் அடிப்படையில் அமைய வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு வரை இனுயிட் மொழியில் கற்க வழிவேண்டும், 2019-20க்குள் இதை முடிக்க வேண்டும் என்றது சட்டம். ஆசிரியர்கள் போதவில்லை. 2020 நவம்பரில் திருத்தம் கொண்டுவந்து காலக்கெடுவை 2039 வரை தள்ளிவிட்டார்கள். அன்று முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியை முடித்துவிட்டுப் போன பிறகும் அந்தச் சட்டம் காத்துக்கொண்டிருக்கும். ஆசிரியப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்காமல் நியமத்தை மட்டும் அச்சிட்டால் இதுதான் நடக்கும்.

ஆய்வுத் திட்டங்களிலும் இதே குறை உண்டு. மூன்றாண்டு நிதி, ஐந்தாண்டு நிதி என்று வரும். நிதி தீர்ந்தால் பதிவேடு நின்றுவிடும். ஒரு கடற்கரையின் பனியைப் புரிந்துகொள்ள ஐந்தாண்டு எந்த மூலைக்கு? நாள்தோறும் பார்த்து எழுதுகிறவரை உதவியாளர் என்று அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, அவர் எழுதியதை வைத்து முனைவர் பட்டம் வாங்குவது நியாயம் அல்ல. அவருக்குச் சம்பளம் வேண்டும், கட்டுரையில் பெயர் வேண்டும், தம் பதிவில் எது வெளியே போகலாம் எது போகக் கூடாது என்று முடிவுசெய்யும் உரிமையும் வேண்டும். சீல் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு ஒருவருக்கு அறிவியல், மற்றொருவருக்குக் குடும்பத்தின் வேட்டைக்களம். கொலராடோவின் தேசியப் பனித் தரவு மையத்தில் இயங்கும் எலோகா என்ற அமைப்பு இந்த உரிமைகளை ஊரோடு பேசி முடிவுசெய்து, அதன்படி தரவுகளைப் பாதுகாக்கிறது. மற்றவர்களும் பின்பற்றலாம்.

ஆகவே பள்ளிக்கு என்ன சொல்கிறேன்? முதியவரை ஆண்டுக்கு ஒருநாள் அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது கல்வி ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் பனிமேல் செலவிட்ட நாட்கள் வருகைப் பதிவேட்டில் வருகையாக விழ வேண்டும். அங்கே கற்றதற்கு மதிப்பெண் வேண்டும், மதிப்பிடுகிறவர் வேட்டைத் தலைவராக இருக்க வேண்டும். அலாஸ்காவின் சில பள்ளி மாவட்டங்கள் வேட்டை, மீன்பிடிப் பருவத்தையொட்டி நாட்காட்டியை மாற்றி அமைத்திருக்கின்றன. முடியும் என்பதற்கு அதுவே சான்று. பெரும்பாலான பள்ளிகளில் இன்னும் செய்யவில்லை, அது தவறு.

இந்தியாவும் ஆர்க்டிக்கில் இருக்கிறது. 2008இல் ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் திறந்தோம். 2013 முதல் ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் நாடு. இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் யாராவது ஒருநாள் அங்கே பனியை அளக்கப் போகலாம். அப்படிப் போகிறவர்கள், திட்டத்தை எழுதிய பிறகு ஊரிடம் அனுமதி கேட்காதீர்கள். எழுதும் முன்பே எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று ஊரைக் கேளுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். துருவப் பகுதி மக்கள் என்ற பாடம் வரும்போது, பனிவீட்டின் படத்தைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நான் சொன்ன அலாஸ்காக் கரையூர்களின் பதிவேடுகள் இணையத்தில் எவரும் படிக்கும்படி இருக்கின்றன. ஏதாவது ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துப் பதிவுகளை வகுப்பில் படியுங்கள். எழுதியவரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதே மாதத்துச் செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். எதில் என்ன தெரிகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.